மனுக்காவு விளைவு

1987ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரல் இரண்டு மாதங்களும் நான் ஒரு கடலின் மேல் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தேன். கடல் மறுத்துப் பேசவில்லை. அதனால் குற்றம் நிரூபணமாகிவிட்டது என்றே நம்பினேன்.

என் பெயர் ஏரம்பமூர்த்தி. ஒக்லாந்தில், மனுக்காவு என்ற கடற்கழியின் கரையிலுள்ள ஒனிஹங்காத் துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளி, வெளிச்சத்தை அளக்கும் மானிகள் செய்கிற சிறிய தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தேன். மொத்தம் பதினான்கு பேர். கொழும்பில் பௌதிகவியல் விரிவுரையாளனாக இருந்தவன். எண்பத்து நான்கில் குடும்பத்தோடு இங்கே வந்து, ஒரு வருடம் பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிய பிறகு கிடைத்த வேலை இது. பதவியின் பெயர் 'அளவை விஞ்ஞானி.' நான் கேட்டேன் என்பதற்காகத்தான் முதலாளி கிரகாம் அந்தப் பெயரைத் தந்தார். வேறு யாரும் அதற்குப் போட்டியிடவில்லை. விசிற்றிங் காட் அடித்து, நாங்கள் குடியிருந்த மவுண்ட் ரோஸ்கில் பகுதிப் பிறந்தநாள் விழாக்களில் எல்லாருக்கும் கொடுத்தேன். ஒருவர் அதை வாங்கி, என் கண் முன்னாலேயே பின்பக்கத்தில் தன் பல் வைத்தியரின் தொலைபேசி இலக்கத்தை எழுதிக்கொண்டார்.

தொழிற்சாலையில் எல்லாருக்கும் கடும் நீல நிறத்தில் முழங்கால் வரை வரும் ஒரு கோட் கொடுத்திருந்தார்கள். நான் போடவில்லை. அது வேலையாட்களுக்கு உரியது, விஞ்ஞானிக்கு வெள்ளைச் சேட்டும் டையும்தான் என்று முடிவு செய்திருந்தேன். என் மனைவி ரதிதேவி அந்தச் சேட்டுகளை நீலம் போட்டு, வெயிலில் கண் கூசும்படி வெளுத்துத் தருவாள்.

அந்த வருடம் எங்களுக்கு ஒரு முக்கியமான வேலை வந்தது. பிறந்து இரண்டு மூன்று நாளில் மஞ்சள் காமாலை காணும் குழந்தைகளை ஆஸ்பத்திரியில் நீல விளக்கின் கீழ் கிடத்துவார்கள். விளக்கு பழசாகப் பழசாக வெளிச்சம் குறைந்துகொண்டே போகும். கண்ணுக்கு அது தெரியாது. ஆகவே ஆஸ்பத்திரிகளுக்கு மானி வேண்டும். அந்த மானிகளை எல்லாம் ஒப்பிட்டுச் சரிபார்க்க எங்களிடம் ஒரு தாய் மானி வேண்டும். அது ஆயிரத்தில் ஒரு பங்குகூடப் பிசகக் கூடாது.

அப்படிப்பட்ட மானிக்கு உயிர், சிலிக்கன் போட்டோடயோட். விரல் நகமளவு, கருநீலத்தில் மினுங்கும் ஒரு சில்லு. அதில் வெளிச்சம் பட்டால் மிகச் சிறிய மின்னோட்டம் வரும். வெளிச்சம் இரண்டு மடங்கானால் மின்னோட்டமும் இரண்டு மடங்காக வேண்டும். இது சட்டம். எல்லாச் சில்லுகளும் சட்டத்தை ஒரே மாதிரி மதிப்பதில்லை. சில, சூடேறினால் மாறும். சில, நடுவில் ஒரு கதையும் ஓரத்தில் வேறு கதையும் சொல்லும். சில, முழு இருட்டிலும் தாம் எதையோ கண்டதாகச் சாதிக்கும். கிரகாம் மூன்று நாடுகளிலிருந்து ஆறு வகை டயோட்டுகளை வரவழைத்து என் மேசையில் வைத்தார்.

"எதை நம்பலாம் என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள். மே மாதம் வெலிங்டன் ஆய்வுகூடத்திலிருந்து டொக்டர் ஹாலம் வந்து நம் வேலையைப் பார்ப்பார்" என்றார்.

எனக்கு உதவியாளராக டோறினைத் தந்தார்கள். டோறின் மன்னாரில் பன்னிரண்டு வருடம் விஞ்ஞான ஆசிரியையாக இருந்தவர். இங்கே அவர் மானிகளுக்கு ஈயம் உருக்கி வயர் ஒட்டும் வேலையில் சேர்ந்திருந்தார். அவருடைய கணவர் நோபேட் பஸ் ஓட்டினார். டோறின் என்னை 'அண்ணை' என்பார். நான் அவரை 'நீர்' என்பேன். விரிவுரையாளனுக்கும் பள்ளிக்கூட ஆசிரியைக்கும் இடையிலுள்ள தூரத்தை ஒக்லாந்துவரை பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருந்தேன்.

சோதனைகளில் சலிப்பானவை எல்லாம் அவருக்கு, சிந்தனை எனக்கு என்று பிரித்தோம். பிரித்தவன் நான். உதாரணமாக, இரண்டு துளைச் சோதனை. விளக்குக்கும் டயோட்டுக்கும் இடையிலுள்ள தகட்டில் இரண்டு துளைகள். முதலாவதைத் திறந்து அளக்க வேண்டும், பிறகு இரண்டாவதை மட்டும், பிறகு இரண்டையும் சேர்த்து. முதலிரண்டின் கூட்டுத்தொகை மூன்றாவதற்குச் சமமாக வந்தால் அந்த டயோட் நேர்மையானது. டோறின் இதை ஒவ்வொரு டயோட்டுக்கும் இருநூறு தடவை செய்தார். நான் பக்கத்து அறையில் தேநீர் குடித்தபடி சிலிக்கனைப் பற்றிச் சிந்தித்தேன்.

இரண்டு வாரத்தில் டோறின் வந்து சொன்னார்: "அண்ணை, நாலாம் நம்பர்தான் திறம். கூட்டினால் அச்சொட்டா வருது. நடுவும் ஓரமும் ஒண்டு. இருட்டிலை சத்தமே இல்லை."

"பொறும். நாள் முழுக்க ஒரே வெளிச்சத்தைக் காட்டி, ஆடாமல் நிக்குதோ எண்டு பாக்க வேணும். அதை நானே செய்யிறன்" என்றேன்.

கறுப்பு வண்ணம் அடித்த ஜன்னலில்லாத அறை அது. ஒரு பெட்டிக்குள் விளக்கு. பெட்டியின் முன்துளை வழியாக ஒளி வந்து, ஒன்றரை மீற்றர் தள்ளியிருக்கும் டயோட்டில் விழும். டயோட்டின் மின்னோட்டத்தை, ஒரு கறுப்புத் திரைக்கு அப்பால் ஒரு பேனா, நகரும் காகிதத்தில் கோடாக எழுதிக்கொண்டே இருக்கும். விளக்கு மாறாது, ஆகவே கோடும் மாறக் கூடாது.

கோடு மாறியது. மூன்றாம் நாள் காலை போய், விளக்குப் பெட்டியின் பக்கவாட்டிலிருந்த முக்காலியில் உட்கார்ந்து திரையின் ஓரத்தால் பார்க்கிறேன், நாலாம் நம்பரின் கோடு ஆயிரத்தில் மூன்று பங்கு உயர்ந்து நிற்கிறது. முந்தைய நாள் காகிதத்தைப் புரட்டினேன். அதிலும் இரண்டு இடத்தில் மேடு. முன்பே கிடந்த மேடுகளை நான் கவனித்திருக்கவில்லை. மற்ற ஐந்து டயோட்டுகளையும் ஒவ்வொன்றாக மாற்றி வைத்துப் பார்த்தபோது அவற்றிலும் இதே மேடு மிக மெல்லிதாகத் தெரிந்தது. நாலாம் நம்பரில்தான் பெரிது.

அன்று மதியம் சாப்பாட்டுப் பெட்டியோடு துறைமுகம்வரை நடந்தேன். தண்ணீர் மேடைவரை தளும்பி நின்றது. காலையில் பஸ்ஸில் வரும்போது அதே இடத்தில் வெறும் சேற்றைக் கண்டிருந்தேன். கையிலிருந்த சான்விச்சை மறந்து அப்படியே நின்றேன். வற்றும், பெருகும். இறங்கும், ஏறும். உப்பு ஈரம்! கடல் பெருகும்போது காற்றில் ஈரம் கூடுகிறது, அது சில்லின் மேற்பரப்பில் படிகிறது, மின்னோட்டம் மாறுகிறது. நகமளவு சிலிக்கன், சந்திரனுக்குக் கீழ்ப்படிகிறது! உலகத்தில் இதை முதலில் கண்டவன் நான். ஒரு கடற்காகம் என் சான்விச்சில் பாதியைக் கொண்டுபோனது. கவலைப்படவில்லை.

மறுநாளிலிருந்து பத்திரிகையில் கடல் பெருக்கு நேரத்தைப் பார்த்து, சரியாக அந்த நேரத்துக்கு இருட்டறைக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் பேனா ஏறியது. ஒரு நாள்கூட என்னை ஏமாற்றவில்லை. மூன்று வாரக் கோடுகளை ஒன்றாக்கி, பெரிய வரைபடமாகக் கீறிச் சுவரில் ஒட்டினேன். தலைப்பு 'மனுக்காவு விளைவு.' 'ஏரம்பமூர்த்தி விளைவு' என்று பிறர் பின்னால் மாற்றிக்கொள்ளட்டும் என்று விட்டுவைத்தேன்.

டோறின் வரைபடத்தைக் கனநேரம் பார்த்தார். பத்திரிகைத் துண்டையும் பார்த்தார்.

"அண்ணை, இந்த நேரங்கள் வைத்தமாற்றா துறைமுகத்தின்ரை எல்லோ?"

"அதுக்கென்ன?"

"அது நகரத்துப் பக்கம். எங்கடை பக்கம் மனுக்காவு. இஞ்சை மூண்டு மணித்தியாலம் பிந்தித்தான் பெருகும்."

ஒக்லாந்துக்கு இரண்டு துறைமுகம், இரண்டு கடல், இரண்டு நேரம். பத்திரிகையில் இரண்டும் ஒன்றின் கீழ் ஒன்றாக அச்சாகியிருந்தன. நான் முதல் வரியைத்தான் பார்த்திருந்தேன். மூன்று வாரமாக என் டயோட் கீழ்ப்படிந்தது, பக்கத்தில்கூட இல்லாத ஒரு கடலுக்கு.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். நான் வரைபடத்தைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்தேன். இனி சரியான வரியைப் பார்த்து, மனுக்காவு பெருகும் நேரத்தில் போய் உட்கார்ந்தேன். பேனா ஏறியது! முன்னையதைவிட அழகாக ஏறியது. மேலும் மூன்று வாரம். இன்னும் பெரிய வரைபடம்.

"பாத்தீரோ? இப்ப இன்னும் நல்லாப் பொருந்துது" என்றேன்.

டோறின் இரண்டு கையையும் நீலக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்: "ரண்டு கடலுக்கும் பொருந்தினால் எப்பிடி அண்ணை? ஒருக்கா பெருக்கு நேரத்திலை நீங்கள் போகாமல் விட்டுப் பாப்பமோ?"

"நான் போகாட்டில் ஆர் அவதானிக்கிறது?"

"பேனா எழுதும்தானே."

"பேனா எழுதும். ஆனால் விளங்கிக்கொள்ளாது" என்றேன். அந்தப் பதிலை அன்று முழுவதும் எனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லி மகிழ்ந்தது இப்போதும் நினைவிருக்கிறது.

வீட்டில் சோற்றைத் துறைமுகமாகவும் குழம்பைப் பெருக்காகவும் வைத்து ரதிக்கு விளக்கினேன். "இஞ்சாருங்கோ, குழம்பு ஆறுது" என்றாள். ஒன்பது வயது மகள் ஆங்கிலத்தில், "அது விசித்திரமாக இருக்கிறது, டாட்" என்றாள். விசித்திரம் என்பதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் கடைசியில் இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, நாலாம் நம்பர் தகுதியற்றது, இரண்டாம் நம்பரே சிறந்தது என்று கிரகாமுக்கு அறிக்கை கொடுத்தேன். மற்றது, நாலாம் நம்பரைச் செய்த கொம்பனிக்குப் பதினொரு பக்கக் கடிதம் எழுதினேன். 'உங்கள் டயோட் கடலோர நாடுகளுக்கு உகந்ததல்ல' என்பது அதன் முதல் வரி. இரண்டிலும் டோறினின் இருநூறு இருநூறான அளவுகள் ஒரு அடிக்குறிப்பில் இருந்தன.

டொக்டர் ஹாலம் வந்தது மே மாதம் ஒரு புதன்கிழமை. அறுபது வயதுள்ள மெலிந்த பெண். மண்ணிறக் கம்பளிச் சட்டை, கழுத்தில் நூலில் தொங்கும் கண்ணாடி. அன்று மனுக்காவு பெருகும் நேரம் பதினொன்று இருபது. பதினொன்று பத்துக்கு அவரையும் கிரகாமையும் டோறினையும் இருட்டறைக்கு அழைத்துப் போனேன். அவர்களைப் பேனாவுக்குப் பக்கத்தில், கறுப்புத் திரைக்கு அப்பால் நிறுத்திவிட்டு, நான் என் வழக்கமான இடத்துக்குப் போனேன். ரதி அன்று புதுச் சேட்டை வெளுத்துத் தந்திருந்தாள்.

"இப்போது கடல் ஏறுகிறது" என்று ஆங்கிலத்தில் அறிவித்தேன். பேனா ஏறியது. கிரகாம் விசில் அடித்தார். டொக்டர் ஹாலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். என் வாழ்க்கையில் அந்தக் கால் மணி நேரத்தைப் போல இன்னொன்று இருந்ததில்லை.

அப்போது அலுவலகப் பெண் கதவைத் தட்டி, எனக்குத் தொலைபேசி அழைப்பு என்றாள். போய்ப் பேசிவிட்டு ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தேன். திரைக்கு அப்பால் மூவரும் காகிதத்தின் மேல் குனிந்திருந்தார்கள்.

"அண்ணை" என்றார் டோறின், தமிழில், மெதுவாக. "கொஞ்சம் எழும்பி வெளியிலை நில்லுங்கோ."

"ஏன்?"

"சும்மா. நில்லுங்கோவன்."

எழுந்து வெளியே போனேன்.

"இப்ப வாங்கோ."

வந்தேன்.

"திரும்பப் போங்கோ."

"என்ன விளையாட்டு இது?"

"பேனாவை வந்து பாருங்கோ அண்ணை. நான் சொல்லேல்லை. நீங்களே பாருங்கோ."

போய்ப் பார்த்தேன். காகிதத்தில், தொலைபேசிக்குப் போன ஐந்து நிமிடத்துக்கு ஒரு பள்ளம். வந்ததும் மேடு. பிறகு பள்ளம், மேடு, பள்ளம். பதினொன்று நாற்பதுக்குள் கடல் மூன்று தடவை பெருகி வற்றியிருந்தது.

டோறின் தன் கோட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினார். ஏனென்று கேட்காமல் சேட்டுக்கு மேல் போட்டுக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தேன். பேனா அசையவில்லை. அப்போதுதான் குனிந்து என் நெஞ்சைப் பார்த்தேன். விளக்குப் பெட்டியின் பக்கத்தில் சூடு போவதற்காக ஒரு மெல்லிய இடுக்கு விட்டிருந்தார்கள். அதிலிருந்து வந்த ஒளிக்கீற்று நேரே என் மேல் விழுந்துகொண்டிருந்தது. வெள்ளைச் சேட்டில் பட்டுத் தெறித்த ஒளிதான் டயோட்டுக்குப் போயிருக்கிறது. மற்ற ஐந்து சில்லுகளும் குழி போன்ற கூட்டுக்குள் இருப்பவை. பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்தை அவ்வளவாகக் காணமாட்டா. நாலாம் நம்பர் தட்டையாகத் திறந்து கிடப்பது. கண்டதை எல்லாம் சொல்லிவிடும். ஆறிலும் உண்மையை அதிகம் சொன்ன டயோட்டைத்தான் நான் பொய்யன் என்று எழுதி அனுப்பியிருந்தேன். பெருக்கு நேரத்தில் பேனா ஏறியதற்குக் காரணம், பெருக்கு நேரம் பார்த்து நான் போய் உட்கார்ந்ததுதான்.

டோறின் தமிழில் பேசியதால் மற்ற இருவருக்கும் வார்த்தை எதுவும் விளங்கவில்லை. எனக்கு ஒரு வழி திறந்திருந்தது. கூச்சமில்லாமல் அதற்குள் புகுந்தேன்.

"இதுதான் நான் காட்ட விரும்பிய அடுத்த பகுதி. சிதறல் ஒளி எவ்வளவு தூரம் ஆளை ஏமாற்றும் என்பதற்கு ஒரு செய்முறை" என்றேன்.

கிரகாம் தலையாட்டினார். டொக்டர் ஹாலம் சுவரிலிருந்த பெரிய வரைபடத்தைப் பார்த்தார், பிறகு என்னை, பிறகு மறுபடியும் வரைபடத்தை.

"அப்படியானால் இது?" என்று கேட்டார்.

வாயைத் திறந்தேன். இன்னொரு பொய் அங்கே தயாராக இருக்கும் என்று நினைத்தேன். இருக்கவில்லை. என்னைவிட ஒரு சாண் குள்ளமான டோறினின் கோட்டுக்குள், கையிரண்டும் முழங்கைவரை வெளியே நீட்டிக்கொண்டிருக்க, நான் நின்றேன்.

"இது என் சேட்" என்றேன். "ஆறு வாரமாக என் சேட்டை அளந்திருக்கிறேன். சற்று முன்னர்தான் எனக்குத் தெரியவந்தது. கண்டுபிடித்தவர் இவர்."

டொக்டர் ஹாலம் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். டோறின் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எப்போது சந்தேகம் வந்தது?" என்று கேட்டார்.

"இரண்டு துறைமுகங்களோடும் பொருந்தியபோது" என்று டோறின் ஆங்கிலத்தில் சொன்னார். இரண்டு துறைமுகங்கள் என்றதும் கிரகாம் என்னைப் பார்த்தார். லாச்சியைத் திறந்து முதல் வரைபடத்தையும் எடுத்துக் கொடுத்தேன். அதன் பிறகு ஒளிக்க என்னிடம் எதுவும் இல்லை. டோறின் தன் கொப்பியைக் கொண்டுவந்து நாலாம் நம்பரின் அளவுகளைக் காட்ட, இரண்டு பெண்களும் மதியச் சாப்பாட்டை மறந்து மூன்று மணிவரை கதைத்தார்கள். அவர்களுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தது நான்.

அன்று மாலை வீட்டுக்குப் போய் ரதியிடம் முழுவதையும் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்கு வேறு விஷயத்தில் அக்கறை.

"ஆயிரத்திலை மூண்டு பங்கோ?"

"ஓம்."

"சேட்டாலை மட்டும்?"

"ஓம் எண்டுறன்."

"அப்ப என்ரை வெளுப்பு அந்தளவுக்கு வெளுப்பு" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய சிநேகிதிகள் எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது. விஞ்ஞானக் கருவியால் அளந்து உறுதிப்படுத்தப்பட்ட சலவை மவுண்ட் ரோஸ்கிலில் வேறு யார் வீட்டில் உண்டு?

டயோட் கொம்பனிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். அதுவும் பதினொரு பக்கம் வந்தது. டோறின் அதை அரைப் பக்கமாக வெட்டித் தந்தார். விளக்குப் பெட்டியின் இடுக்குக்கு ஒரு கறுப்பு மூடி போட்டு, ஆறு டயோட்டையும் முதலிலிருந்து சோதித்தோம். நாலாம் நம்பரைக் கொண்டு தாய் மானி செய்யப்பட்டது. செப்ரெம்பரில் முதல் பத்து மானிகள் ஆஸ்பத்திரிகளுக்குப் போயின. அறிக்கையில் முதல் பெயர் டோறினுடையது. அதை நானாக முன்மொழிந்தேன் என்று சொல்ல ஆசை, கிரகாம்தான் எழுதினார். நான் ஆட்சேபிக்கவில்லை.

அடுத்த வருடத் தொடக்கத்தில் டொக்டர் ஹாலத்திடமிருந்து கடிதம் வந்தது. தங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு மாதப் பயிற்சிக்கு ஒருவரை அனுப்பும்படி கேட்டிருந்தார். ஒருவர் என்று பொதுவாகச் சொல்லவில்லை, பெயரைக் குறிப்பிட்டிருந்தார். அது என் பெயரல்ல. இரண்டு நாள் நான் டோறினோடு சரியாகக் கதைக்கவில்லை. தலையிடி என்று சொன்னேன். மூன்றாம் நாள் அவரே வந்தார்.

"அண்ணை, நோபேட் போகச் சொல்லுறார். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"போங்கோ டோறின். கட்டாயம் போங்கோ" என்றேன். அவரை அதுவரை நான் 'நீர்' என்றுதான் சொல்லிவந்தேன் என்பது, வாய் மாறி 'போங்கோ' என்று மரியாதையாகச் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவர் கவனித்தாரோ தெரியாது. கவனித்திருப்பார். அவர் கவனிக்காத விஷயம் எதையும் நான் இன்றுவரை கண்டதில்லை.

வெலிங்டன் போய் இரண்டாம் வாரம் டோறின் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அண்ணை, இஞ்சை ஒரு டயோட் பின்னேரத்திலை கொஞ்சம் கூடக் காட்டுது. காலமை சரியா இருக்குது. ஏனெண்டு ஒருத்தருக்கும் விளங்கேல்லை. நீங்கள் என்ன நினைக்கிறியள்?"

வெலிங்டன் காற்றுக்குப் பேர்போன ஊர். பின்னேரத்தில் காற்று பலக்கும். பலத்தால் கட்டடம் அதிரும். அதிர்ந்தால் டயோட்டின் இணைப்புகளில் ஒரு நுண்ணிய அழுத்தம் வரும். அரை நிமிடத்தில் எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. பத்து நிமிடம் விளக்கினேன். நடுவில் சந்திரன்கூட ஒருமுறை வந்து போனது என்று நினைக்கிறேன். மறுமுனையில் டோறின் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி அண்ணை" என்றார் கடைசியில். "நான் ஒருக்கா அளந்து பாத்திட்டுச் சொல்லுறன்."